மச்சினனுக்குப் போன 1,000 மணி நேரம்

கேள்வி: முன்னால் மண் அள்ளும் லோடரும் பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோவும் பொருத்திய மினி டிராக்டரை 4 ஆண்டுகளுக்கு முன் கடனில் வாங்கினேன். இன்னும் 3 ஆண்டுத் தவணை இருக்கிறது. என் நிலத்து வேலைக்கு ஆண்டுக்கு 150 மணி நேரம் ஓடினாலே அதிகம். கட்டட வேலை எடுத்துச் செய்யும் மச்சினன் அவ்வப்போது வாங்கிப்போவார்; டீசல் அவரே போட்டுக்கொள்வார். மீட்டர் இப்போது 1,600 மணி காட்டுகிறது. பேக்ஹோவின் பூமை (நீண்ட கையை) தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குகிறது. பாரம் ஏறினால் ஹைட்ராலிக் பம்ப் ஊளையிடுகிறது. சில நாள் சாவியைத் திருப்பினால் சத்தமே வருவதில்லை. "பழசைக் கொடுத்துப் புதுசு எடுங்கள், முதல் 6 மாதம் தவணை கட்ட வேண்டாம்" என்கிறார் டீலர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். டீலர் சொல்வதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அதற்கு முன், உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களையே நீங்கள் கூட்டிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 150 என்றால் 4 ஆண்டுக்கு 600 மணி. மீட்டரில் 1,600. மீதி 1,000 மணியும் மச்சினன் தொழிலுக்கு ஓடியது. தவணை மட்டும் முழுக்க நீங்கள் கட்டுகிறீர்கள்.

அந்த 1,000 மணிக்கு என்ன விலை? வண்டி வாங்கிய விலையை 100 பங்காக வைத்துக்கொள்வோம். நன்றாகப் பராமரித்தால் 4,000 மணி உழைத்து, கடைசியில் 30 பங்குக்கு விலைபோகும் என்று கொள்ளுங்கள். தேய்மானம் 70. அத்தனை காலத்துக்கும் ஆயில், ஃபில்டர், டயர், ஹோஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 120 பங்கு செலவு 4,000 மணிக்கு. 1,000 மணிக்கு 30 பங்கு. உங்கள் கடன் பாக்கி ஏறக்குறைய 40 பங்கு இருக்கும். அதில் முக்கால்வாசியை அடைக்கக்கூடிய தொகை மச்சினனுக்கு இலவசமாகப் போயிருக்கிறது. இதில் வட்டியைச் சேர்க்கவே இல்லை. டீசல் போட்டுக்கொடுப்பது இந்தக் கணக்கில் ஒரு பைசாவைக்கூடக் குறைக்காது.

வண்டியின் கோளாறுகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. லோடர், பேக்ஹோ மூட்டுகளில் இருக்கும் இரும்புப் பின்களுக்குப் பொதுவாக 10 மணிக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும். இரவல் வாங்கிப்போகிறவர் கிரீஸ் கன்னைத் தொடுவது அபூர்வம். பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, பூம் இடமும் வலமும் திரும்பும் இடத்துப் பின்னைப் பாருங்கள். கிரீஸ் பிதுங்கி நிற்க வேண்டிய விளிம்பில் காய்ந்த மண்ணும் பளபளவென்று தேய்ந்த இரும்பும் தெரிந்தால், பின்னைச் சுற்றியுள்ள வளையமான புஷ் போய்விட்டது. இப்போதே மாற்றினால் புஷ்ஷும் பின்னும்தான் செலவு. விட்டால் பின் நுழையும் ஓட்டையே முட்டை வடிவமாகி, வெல்டிங், கடைசல் என்று செலவு பல மடங்காகும்.

பூம் தானாக இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சிலிண்டர் சீல், இல்லாவிட்டால் கண்ட்ரோல் வால்வின் உள்கசிவு. முதலில் சீல் கிட் போட்டுப் பாருங்கள். முழு சிலிண்டரை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். பம்ப் ஊளையிட்டால் ஹைட்ராலிக் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மொத்தமாக மாற்றுங்கள். ஹோஸில் கசிவு தேடும்போது மட்டும் கையால் தடவாதீர்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க நேரிடலாம். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். சாவிக்குச் சத்தமே இல்லை என்றால் பேட்டரி முனைகள், அப்புறம் இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்ச், பி.டி.ஓ. (இன்ஜின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும் தண்டு) சுவிட்ச், மிதி சுவிட்ச் ஆகிய பாதுகாப்பு சுவிட்சுகளைப் பாருங்கள். ஒயரை நேரடியாக இணைத்து அவற்றைச் செயலிழக்க மட்டும் வைக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால், பம்பே போயிருந்தால் தவிர, 5 பங்குக்கு மேல் ஆகாது என்பது என் கணிப்பு. இப்போது டீலர் சொல்வதைப் பார்ப்போம். பழைய வண்டிக்கு 45 பங்கு தருவார் என்று வையுங்கள். 40 கடனுக்குப் போக மிஞ்சுவது 5. புது வண்டி 110 என்றால் புதுக் கடன் 105. 10 சதவீதத்தில் 7 ஆண்டுக்கு வட்டி மட்டும் 40 பங்கைத் தாண்டும். தவணை இல்லாத 6 மாதமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதுவே சுமார் 5 பங்கு, நீங்கள் கொண்டுபோன 5 அதில் கரைந்துவிடும். கூடவே நீட்டித்த வாரன்டி விற்பார்கள். சீல், ஹோஸ், புஷ் போன்ற தேயும் பாகங்கள் அதில் பொதுவாக வராது. உங்களுக்குச் செலவு வைப்பவையோ அவைதான். அந்தப் புது வண்டியையும் மச்சினன் கேட்பார், இல்லையா?

ஆகவே அவரிடம் பேசுங்கள். உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. வண்டி விலையை 3,300-ஆல் வகுத்தால் வருவது ஒரு மணிக்கான அடக்கச் செலவு. அதற்குக் கீழே கொடுக்காதீர்கள். எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டரை இருவரும் பார்த்து நோட்டில் எழுதுங்கள், கிரீஸ் அடித்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். வெளியில் எடுத்தால் லாபம், வண்டி ஓட்டுபவரின் சம்பளம் எல்லாம் சேர்த்துக் கொடுத்திருப்பார், எனவே இது அவருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பணம் முதலில் ரிப்பேருக்கு; மிச்சத்தைக் கடனின் அசலில் கட்டுங்கள், முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று வங்கியில் கேட்டுவிட்டு.