கேசட் நிறம் எங்கே கசிகிறது?

கே: வீடியோவுக்கு வி.எச்.எஸ். (பழைய வீடியோ கேசட் தோற்றம் தரும்) ஃபில்டர் போட்டேன். பழைய கல்யாண கேசட் போல இல்லாமல் போலியாகத் தெரிகிறதே, ஏன்?

ப: பல ஃபில்டர்கள் சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றிலிருந்து ஒன்று சற்றுத் தள்ளி வைக்கின்றன. கேசட் அப்படிச் செய்யாது. அதில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியே பதிவாகும். நிறத்துக்குக் கூர்மை மிகக் குறைவு. அதனால்தான் கூறைப்புடவையின் சிவப்பு பக்கவாட்டில் கசியும், முகம் ஓரளவு தெளிவாக நிற்கும். அந்தக் கசிவுதான் உயிர்!

முதலில் எடிட்டிங் செயலியில் வீடியோவை 768×576 பிக்சல் அளவு, நொடிக்கு 25 ஃபிரேம் என வையுங்கள். இது கேசட் காலத்தில் நம் நாட்டில் இருந்த பி.ஏ.எல். என்ற டிவி முறை. வீடியோ லேயரை நகலெடுத்து, மேலே உள்ள நகலின் பிளெண்டிங் மோடை (கீழுள்ள லேயருடன் கலக்கும் விதத்தை) ‘கலர்’ ஆக்கி, அந்த நகலுக்குக் கிடைமட்டமாக மட்டும் 10–15 பிக்சல் பிளர் கொடுங்கள். செங்குத்தாகவும் கொடுத்தால் எல்லா நிறமும் குழம்பிவிடும். படத்தின் அடியில் சில வரிகளைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுங்கள், வி.சி.ஆரில் (கேசட் ஓட்டும் கருவியில்) டேப்பைப் படிக்கும் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது.