மாடி டிவியில் பதிவுகள் காணாமல் போனது ஏன்?

கேள்வி: எடிசனில் (நியூ ஜெர்சி) இருக்கிறோம். வீட்டில் டைரக்டிவி என்ற சாட்டிலைட் டிவி. மூன்று பெட்டிகள்: ஹாலில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் எச்ஆர்24, மாடியில் பதிவு வசதி இல்லாத எச்24, பேஸ்மென்டில் பழைய எச்ஆர்22. ஹாலில் பதிவானதை என் மாமியார் மாடியில் பார்ப்பார். போன மாதம் இன்டர்நெட்டுக்காக ரூட்டரிலிருந்து ஹால் பெட்டிக்கு ஈதர்நெட் கேபிள் இழுத்தோம். அன்றிலிருந்து மாடியில் ஹால் பதிவுகள் தெரிவதில்லை. பெட்டி போய்விட்டதா? பேஸ்மென்ட் பெட்டியையும் சேர்க்க முடியுமா?

பதில்: பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் அந்த ஈதர்நெட் கேபிளைக் கழற்றி, ஹால் பெட்டியை ரீசெட் செய்யுங்கள். மாமியாருக்குப் பதிவுகள் திரும்பிவிடும்.

காரணம் இதுதான். உங்கள் ஹால், மாடிப் பெட்டிகளுக்குள் 'டெக்கா' என்ற நெட்வொர்க் வசதி உண்டு. டிஷ்ஷிலிருந்து வரும் அதே கோஆக்ஸ் கேபிளில்தான் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. டிஷ் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. டெக்கா அதற்குக் கீழே, 500-ஐ ஒட்டிய பகுதியில் ஓடுகிறது. அதனால் மோதல் இல்லை. ஆனால் ஈதர்நெட் செருகினால் பெட்டி தன் டெக்காவை அணைத்துவிடும். ஹால் பெட்டி ரூட்டர் பக்கம் போய்விட்டது, மாடிப் பெட்டி கோஆக்ஸிலேயே நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

இன்டர்நெட்டும் வேண்டுமே? ரூட்டர் பக்கத்தில் தனியாக ஒரு டெக்கா அடாப்டர் வையுங்கள். அதன் ஒரு முனை கோஆக்ஸுக்கு, மறுமுனை ரூட்டருக்கு. ரூட்டர் பக்கத்துக்கு இது ஒன்று போதும், டெக்காவில் இருக்கும் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் இணைப்பு வந்துவிடும். இரண்டாவதை ரூட்டரில் மாட்டவே வேண்டாம், நெட்வொர்க் சுழன்று முடங்கும்.

எச்ஆர்22-க்குள் டெக்கா இல்லை. சுவரிலிருந்து வரும் கோஆக்ஸுக்கும் பெட்டிக்கும் நடுவே சின்ன வெள்ளை டெக்கா அடாப்டரைப் பொருத்தி, அதிலுள்ள ஈதர்நெட் முனையைப் பெட்டியின் பின்னால் செருகினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம், கோஆக்ஸை அறைகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைப் பாருங்கள். பச்சை லேபிளும் 2150 மெகாஹெர்ட்ஸ் என்ற எழுத்தும் இருக்க வேண்டும். 1000-த்தோடு நிற்கும் சாதாரண கேபிள் டிவி ஸ்ப்ளிட்டர் உதவாது.

கடையில் கிடைக்கும் 'மோகா' அடாப்டரை (இதுவும் கோஆக்ஸில் நெட்வொர்க் ஓட்டுவதுதான்) இந்தக் கேபிளில் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவை 1125-க்கு மேல், டிஷ் சிக்னலின் இடத்திலேயே ஓடுபவை. கேபிள் இன்டர்நெட் வைத்திருந்தால் அதையும் இந்தக் கோஆக்ஸோடு சேர்க்கக்கூடாது. அது டெக்காவின் இடத்தில் வந்து உட்காரும்.

முழுக்க ஈதர்நெட்டிலேயே போகலாமா என்றால், போகலாம். மூன்று பெட்டிகளையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சுக்கு (பல ஈதர்நெட் கேபிள்களை இணைக்கும் பெட்டி) கொண்டுவர வேண்டும். ஒரு எச்டி பதிவை அனுப்ப 100 மெகாபிட் இணைப்பே தாராளம். வீட்டைப் புதுப்பிக்கச் சுவரைத் திறக்கிறீர்கள் என்றால் அறைக்கொரு கேட்6 ஈதர்நெட் கேபிள் போட்டுவிடுங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியதை வாங்காமல், முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். சுவரைத் திறக்கவில்லை என்றால், சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் கோஆக்ஸை விட்டுவிட்டு வேறு கேபிள் இழுக்க நான் சொல்ல மாட்டேன்.