மெக்கானிக்கலிலிருந்து எர்லாங்கனுக்கு: எதை முதலில் படிப்பது?

மெக்கானிக்கல் முடித்து அன்சிஸ் என்ற சிமுலேஷன் மென்பொருள் மட்டுமே தெரிந்த நீங்கள், ஜெர்மனியின் எர்லாங்கனில் கம்ப்யூட்டேஷனல் இன்ஜினியரிங் எம்.எஸ்சி. சேரும் முன் மெஷின் லேர்னிங் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பணத்தை ஏபிஎஸ் சான்றிதழுக்கு (உங்கள் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வையுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு அது இல்லாமல் விசா வேலை நகராது.

அங்கே ஆளைத் திணறடிப்பது சி++ புரோகிராமிங் மொழி, நியூமெரிக்கல் லீனியர் அல்ஜீப்ரா (நிறைய சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்துத் தீர்க்கும் கணிதம்) இரண்டும்தான். அன்சிஸில் ‘சால்வ்’ அழுத்தியதும் உள்ளே லட்சக்கணக்கான சமன்பாடுகள் ஓடுகின்றனவே, அவற்றைத் தீர்க்கும் புரோகிராமை எழுதத்தான் படிக்கப்போகிறீர்கள்.

இன்று ராத்திரியே ஒன்று செய்து பாருங்கள். 15க்கு 15 ஹில்பர்ட் மேட்ரிக்ஸ்: முதல் வரிசை 1, 1/2, 1/3... அடுத்தது 1/2, 1/3, 1/4... ஒவ்வொரு வரிசையையும் கூட்டி, அதைச் சமன்பாட்டின் வலப்பக்கம் வைத்து, கம்ப்யூட்டரில் தீர்த்துப் பாருங்கள். விடை எல்லாமே 1 வர வேண்டும். டபுள் பிரிசிஷனிலும் (கம்ப்யூட்டர் கணக்குகளில் வழக்கமான துல்லியம்) சில விடைகள் 1-க்குப் பக்கத்திலேயே வராது! கோடில் தப்பில்லை. டபுளில் இருப்பது சுமார் 16 இலக்கம். இந்த மேட்ரிக்ஸ் அத்தனையையும் விழுங்கிவிடும். சிறு பிழை விடையில் எவ்வளவு பெருகும் என்று சொல்லும் எண்ணுக்கு ‘கண்டிஷன் நம்பர்’ என்று பெயர்; தேடிப் படியுங்கள்.

ஜெர்மன் மொழி? பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் வீடு தேட ஏ2 (அடிப்படைப் பேச்சுக்கான இரண்டாம் நிலை) வரையாவது படித்துவிட்டுப் போங்கள்.