கேளுங்கள், சொல்கிறேன்: செமினரி வாசலில் நிற்பவர்களுக்கு

போன இதழில் செமினரியில், அதாவது இறையியல் கல்லூரியில், படிப்பதைப் பற்றிக் கேட்கலாம் என்று ஒரு வரி எழுதினோம், கடிதமும் வாட்ஸ்அப்புமாகக் குவிந்துவிட்டது. பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. அதற்கு நீளமாகவும் மற்றவற்றுக்கு முடிந்த அளவும் பதில் தருகிறேன்.

ஐயா, வயது 27. இன்ஜினியரிங் முடித்து ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டும் என்ற பாரம் சில வருடமாக இருக்கிறது. பி.டி., எம்.டிவ்., எம்.டிஎச். என்று ஆளுக்கொன்று சொல்லிக் குழப்புகிறார்கள். ஏற்கெனவே பட்டம் வாங்கியவன் நேராக எம்.டிஎச். சேர முடியாதா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

முடியாது தம்பி. எம்.டிஎச். (மாஸ்டர் ஆஃப் தியாலஜி) என்பது பி.டி. (பேச்சலர் ஆஃப் டிவினிட்டி) முடித்தவர்கள் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, சபை வரலாறு, ஆற்றுப்படுத்துதல் என்று ஏதோ ஒரு துறையில் இரண்டு வருடம் தோண்டுகிற படிப்பு. பின்னால் செமினரியில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு அது அவசியம். ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகர் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், ஞானஸ்நானம் கொடுத்து, கல்யாணம் நடத்தி, அடக்க ஆராதனைக்கு ஓடுகிற ஐயருக்கு, அந்தப் போதகருக்கு, தேவையானது பி.டி. பெயரில் 'இளங்கலை' வாடை அடித்தாலும், உங்களைப் போல ஒரு டிகிரியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் உட்கார்ந்து படிக்கிற படிப்புதான் அது. பொதுவாக நான்கு வருடம்.

எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்பதும் பட்டதாரிகளுக்கானது, பெரும்பாலும் மூன்று வருடம். வித்தியாசம், பட்டத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதில். பி.டி.யைக் கொடுப்பது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட். எம்.டிவ். கொடுக்கிற பல கல்லூரிகளுக்கு ஆசிய இறையியல் கழகத்தின் அங்கீகாரம் இருக்கும். அது கல்லூரிகளும் சபைகளும் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட அங்கீகாரம், அரசாங்க முத்திரை இல்லை. அதனால் படிப்பு மட்டம் என்று சொல்ல வரவில்லை. பெங்களூர் சயாக்ஸ் மாதிரி இடங்களில் படித்துவிட்டு வந்தவர்கள் வேதத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் சபை எந்தப் பட்டத்தை எடுத்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

எனக்குத் தெரிந்து பலரும் சறுக்குவது இங்கேதான். வேலையை ராஜினாமா செய்துவிட்டு, கையிலிருந்த சேமிப்பைக் கட்டி, ஏதோ ஓர் ஊரில் மூன்று வருடம் நன்றாகவே படித்துவிட்டு, அப்புறம் பேராயர் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள். அங்கே 'உங்களை யார் அனுப்பினது?' என்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. சி.எஸ்.ஐ.யில் உங்கள் சேகர கமிட்டி பரிந்துரைக்க வேண்டும், பேராயரின் எல்லையான திருமண்டலம் தேர்வும் நேர்முகமும் வைத்து எடுக்க வேண்டும், அவர்களே ஒரு செனட் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். முடித்து வந்ததும் ஓர் ஐயருக்குக் கீழே பயிற்சி, பிறகு டீக்கன் என்ற உதவிக் குரு நிலை, அதற்கும் பிறகுதான் முழுக் குருவாக்குகிற குருப்பட்டம். வெளியே படித்து வந்தவரைத் திருமண்டலம் சேர்த்துக்கொள்ளவே கூடாது என்று சட்டம் இல்லை, ஆனால் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே முதலில் சபை, பிறகு கல்லூரி. இந்த மாதமே ஊருக்குப் போய் உங்கள் ஐயரைப் பாருங்கள். நேர்முகத்தில் கிரேக்கம் தெரியுமா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தாய், வாலிபர் ஐக்கியத்தில் என்ன செய்தாய், கிறிஸ்மஸ் பவனிக்கு வீடு வீடாகப் போனாயா என்றுதான் கேட்பார்கள். சோழிங்கநல்லூரில் இருந்துகொண்டு ஞாயிறு காலை யூடியூபில் ஆராதனை பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, பக்கத்துச் சபையில் போய் ஏதாவது வேலை கேளுங்கள்.

எங்கே படிப்பது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969-ல் தொடங்கியது. பி.டி.யைத் தமிழிலேயே படித்துத் தமிழிலேயே பரீட்சை எழுதலாம் என்பது அதன் பெரிய பலம். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை அமைத்த பரட்டை அண்ணன், அதாவது தியோபிலஸ் அப்பாவு, அங்கே ஆசிரியராக இருந்தவர். சென்னை கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன் சபைகளின் குருகுல் இருக்கிறது, தலித் இறையியலைப் பேசிய அரவிந்த் நிர்மல் பாடம் நடத்திய இடம். பெங்களூரில் 1910-லிருந்து நடக்கிற யு.டி.சி. (யுனைட்டெட் தியாலஜிக்கல் காலேஜ்) இருக்கிறது, அங்கே எல்லாம் ஆங்கிலம். மூன்றில் எது என்பதை அநேகமாக உங்கள் திருமண்டலமே முடிவு செய்துவிடும். என்னைக் கேட்டால் கிராமச் சேகரத்துக்குப் போகப் போகிறவர் அரசரடியில் படிப்பது நல்லது. அறிஞர் பெயர்களை எல்லாம் மூளையில் ஆங்கிலத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு பிரசங்கத்தில் தமிழ் வராமல் திண்டாடுகிற சின்ன ஐயர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மதுரையில் படிக்கிற பையனுக்கு வங்காளத்தில் இருக்கிற செராம்பூர் எதற்குப் பட்டம் கொடுக்கிறது?
– வாசகர், பாளையங்கோட்டை

நம் தரங்கம்பாடி மாதிரியே செராம்பூரும் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1818-ல் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் என்ற மிஷனரிகள் மூன்று பேரும் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். 1827-ல் டென்மார்க் ராஜா பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாகக் கொடுத்தார். 1845-ல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒரே கையெழுத்தில் பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டார்கள், ஆனால் கல்லூரியின் உரிமை போகவில்லை. 1918-ல் அதற்கென்று தனிச் சட்டமே வந்து, செனட் அமைந்து, நாடு முழுக்க இருக்கிற இறையியல் கல்லூரிகள் அதனோடு இணைந்துகொண்டன. அந்த ராஜாவின் கையெழுத்துதான் இன்றைக்கு அரசரடி வரை வந்து நிற்கிறது.

ஐயா, என் மகன் செமினரியில் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தவன் 'மோசேயின் ஐந்து புத்தகங்களை மோசே எழுதவில்லை, நாலு பேர் எழுதினதைச் சேர்த்திருக்கிறார்கள்' என்கிறான். குடும்ப ஜெபத்தில் இதைச் சொன்னதும் அவன் தாத்தா எழுந்து போய்விட்டார். விசுவாசத்தை இழந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், நாகர்கோவில்

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இரண்டாம் வருடத்தில் எல்லாரும் இதைச் சொல்வார்கள். முதல் வருடத்தில் சொல்லத் தெரியாது, மூன்றாம் வருடத்தில் எப்படிச் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் புரிந்திருக்கும்.

அவன் சொல்வது வானத்திலிருந்து குதித்தது இல்லை. வீட்டு பைபிளையே எடுத்து ஆதியாகமம் 36-ஆம் அதிகாரம் 31-ஆம் வசனத்தைப் பாருங்கள். இஸ்ரவேலருக்கு ராஜாக்கள் வருவதற்கு முன்னால் ஏதோமில் ஆண்ட ராஜாக்கள் இவர்கள் என்று ஒரு பட்டியல் ஆரம்பிக்கும். இஸ்ரவேலுக்கு முதல் ராஜா சவுல், மோசே செத்து எத்தனையோ தலைமுறைக்கு அப்புறம் வந்தவர். அப்படியானால் அந்த வரியை எழுதினவர் ராஜாக்கள் வந்த பிறகு இருந்தவர் என்றுதானே தோன்றுகிறது? அடுத்து உபாகமம் 34. மோசே மரித்தார், அவரை அடக்கம் பண்ணின இடம் இந்நாள்வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது என்று வருகிறது. தன் கல்லறையைப் பற்றி அவரே எப்படி எழுதினார்? இந்தக் கேள்வி யூத ரபிகளுக்கும் வந்திருக்கிறது. அந்த ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதிலேயே இரண்டு பதில் உண்டு. கடைசி எட்டு வசனத்தை யோசுவா எழுதினார் என்பது ஒன்று. ஆண்டவர் சொல்லச் சொல்ல மோசே கண்ணீரோடு எழுதினார் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவது ரொம்பப் பிடிக்கும், ஆனால் பிடிப்பதும் நிரூபிப்பதும் ஒன்றல்ல.

உங்கள் மகன் சொன்ன 'நாலு பேர்' கதை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் வெல்ஹவுசன் என்பவர் ஒழுங்குபடுத்தினது. நாலு மூலநூல்கள், நாலு காலம், கடைசியில் ஒருவர் தைத்துச் சேர்த்தார் என்பது அவர் கணக்கு. அதற்குப் பிறகு அந்தக் கணக்கிலும் எத்தனையோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள். 1970-களிலிருந்து அந்த அறிஞர்களுக்குள்ளேயே அடிதடி. நாலு மூலம் இருந்ததா, எது முந்தி எது பிந்தி என்று இன்றும் ஒத்துப்போகவில்லை. அதனால் 'இப்படித்தான்' என்று அவன் அடித்துப் பேசினால், 'வெல்ஹவுசனுக்குப் பிறகு வந்தவர்கள் என்ன சொன்னார்கள்?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். திரும்பிப் போய் நூலகத்தில் உட்காருவான், அதுவே நல்லது.

செமினரிகளைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிரித்துப் போடுவதை நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரித்ததை வைத்துக்கொண்டு ஊர்க்கோயிலில் எண்பது வயதுப் பாட்டி முன்னால் நின்று எதைப் பேசுவது, எதை இப்போதைக்குப் பேசாமல் இருப்பது என்பதற்கு அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. தாத்தா ஐம்பது வருடமாகத் தினமும் வாசிக்கிற புத்தகம் அது. அவரிடம் முதல் வார்த்தையாக 'மோசே எழுதவில்லை' என்று ஆரம்பித்தது உங்கள் மகனுடைய படிப்பின் குறை இல்லை, பக்குவத்தின் குறை. போய்த் தாத்தாவிடம் ஆதியாகமம் 36-ஐ வாசித்துக் காட்டி, 'இதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் தாத்தா?' என்று கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலர் அந்த வசனத்தை எப்போதோ கவனித்து, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டிருப்பார்கள்.

எம்.ஏ. முடித்திருக்கிறேன். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறார்கள் என்கிறார்கள். படித்துவிட்டு வந்தால் உண்மையிலேயே சேகரம் கிடைக்குமா?
– வாசகி, திருச்சி

சி.எஸ்.ஐ.யில் குருப்பட்டம் உண்டு மகளே. 2013-ல் நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா பேராயராகவே ஆகிவிட்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண்கள் இறையியல் படிக்கலாம், கற்பிக்கலாம், குருவாக முடியாது. தனிச் சபைகளில் பாஸ்டருடைய மனைவி என்ற கணக்கில் பிரசங்கம் செய்கிற பெண்கள் ஏராளம், தனியாகப் பட்டம் என்று வந்தால் ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது சேகரம் கிடைக்குமா என்று. சட்டம் ஒரு பக்கம், கமிட்டி ஒரு பக்கம். 'அம்மா நல்லாத்தான் பேசுறாங்க, ஆனா எங்களுக்கு ஒரு ஐயரை அனுப்புங்க' என்று பேராயரிடம் போய் நிற்கிற சேகரங்கள் இருக்கின்றன. பட்டம் வாங்கின பெண்களை மருத்துவமனைக்கும் விடுதிக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, பெண்களுக்கும் பொறுப்பு கொடுத்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதும் நடக்கிறது. அதனால் சேருவதற்கு முன்னாலேயே உங்கள் திருமண்டலத்தில் எத்தனை பெண் குருமார், அவர்களில் எத்தனை பேர் சேகரத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவரோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கூடவே இருந்து பாருங்கள். பிறகும் மனது மாறவில்லை என்றால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.

வேலையை விட முடியாது, பிள்ளைகள் படிக்கிறார்கள். வேதத்தை முறையாகப் படிக்க வழி உண்டா?
– வாசகர், கோவை

உண்டு. செனட்டே வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு பி.சி.எஸ். (பேச்சலர் ஆஃப் கிறிஸ்டியன் ஸ்டடீஸ்) என்ற பட்டத்தை வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு டிகிரி போதும், வேலையில் இருந்துகொண்டே படித்துப் பரீட்சை எழுதலாம், மேலே எம்.சி.எஸ்.ஸும் உண்டு. இதை வைத்துக் குருப்பட்டம் கேட்காதீர்கள், அதற்கான படிப்பு இது இல்லை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கும், வேதபாட வகுப்பு எடுக்கிறவருக்கும் அருமையானது.

45 வயதில் கிரேக்கம் கற்றுக்கொள்ள முடியுமா? பிரசங்கியார் ஒருவர் 'மூலபாஷையில் இப்படி இருக்கிறது' என்று அடிக்கடி சொல்கிறார், சரியா தப்பா என்று தெரியவில்லை.
– வாசகர், வேலூர்

தாராளமாக முடியும். எழுத்து 24-தான், தமிழை எழுதிப் பழகினவருக்கு அது ஒரு வாரத்து வேலை. புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய 5,400 தனிச்சொற்கள் இருக்கின்றன, ஆனால் 50 தடவைக்குக் குறையாமல் வருகிறவை 300 சொச்சம்தான். அதை மனப்பாடம் செய்தால் பக்கத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பழகின முகமாக இருக்கும். கஷ்டம் வினைச்சொல்லில் வரும், அங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவைப்பார்கள். 1 யோவானில் ஆரம்பியுங்கள், சின்ன வாக்கியம், திரும்பத் திரும்ப அதே சொற்கள். எபிரெயருக்கு எழுதின நிருபத்தை இப்போது தொடாதீர்கள்.

மிஷனரி சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழைப் படித்து, 1708-ல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு மாற்றத் தொடங்கி 1711-ல் முடித்துவிட்டார். உங்களுக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை.

அப்புறம் அந்தப் பிரசங்கியார். கிரேக்கம் உண்மையிலேயே படித்தவர்கள் மேடையில் அதை அபூர்வமாகத்தான் சொல்வார்கள். செமினரியில் பத்து வசனத்துக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னால், கிரேக்கப் பதிப்பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பாடபேதங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்தக் கையெழுத்துப்படியில் இப்படி, அந்தப் படியில் அப்படி என்று. மாற்கு 16-ல் 8-ஆம் வசனத்துக்குப் பிறகு வருகிற பகுதி சினாயித்திக்கஸ், வத்திக்கானுஸ் என்ற இரண்டு பழைய படிகளிலும் இல்லை என்பதையெல்லாம் அங்கேதான் முதன்முதலாகப் பார்ப்பார்கள். அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும், மூலபாஷையை ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ளத் தைரியம் வராது.

எங்கள் பாஸ்டர் போன மாதம் ஓர் ஓட்டல் ஹாலில் கவுன் போட்டு டாக்டர் பட்டம் வாங்கினார். இப்போது பேனரில் எல்லாம் 'ரெவரெண்ட் டாக்டர்'. இது செல்லுமா?
– பெயர் வேண்டாம், சென்னை

ஆய்வேடு எங்கே, வழிகாட்டி யார், எத்தனை வருடம் ஆனது என்று மூன்று கேள்வி கேளுங்கள். செனட்டில் டி.டிஎச். என்ற டாக்டர் பட்டம் வாங்க வேண்டும் என்றால் பி.டி., எம்.டிஎச். இரண்டையும் முடித்து, அப்புறம் வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்து, ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டும். கௌரவப் பட்டம் என்று ஒன்று உண்டு, பெரிய சேவை செய்தவர்களுக்குச் செராம்பூரே கொடுக்கிறது, ஆனால் முறைப்படி அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வதில்லை. பணம் கட்டினால் தபாலில் வருகிற வகைக்குப் பெயரே கிடையாது. நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள், பிரசங்கம் நன்றாக இருந்தால் கேட்டுவிட்டு வாருங்கள். பேனருக்கும் கவுனுக்கும் காணிக்கைப் பணத்தில் செலவெழுதியிருந்தால் மட்டும் வருடக் கணக்கு வாசிக்கிற அன்றைக்கு எழுந்து நின்று கேளுங்கள்.