வீட்டிலேயே இசைப்பதிவு: உங்கள் கேள்விகள்

கேள்வி: மடிக்கணினியில் யூஎஸ்பி கீபோர்டைச் செருகி வாசிக்கிறேன். கட்டையை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் ஒலி கேட்கிறது. வேறு கணினி வாங்கினால் சரியாகுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். புளூடூத் ஹெட்போனில் கேட்கிறீர்களா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் பெரும்பாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கம்பி வைத்த ஹெட்போன் போடுங்கள்.

அதிலும் தாமதம் இருந்தால் பதிவு மென்பொருளின் அமைப்பில் பஃபர் அளவைப் பாருங்கள். கணினி ஒலியை ஒரு தொகுதியாகச் சேர்த்துத்தான் வெளியே விடும். அந்தத் தொகுதியின் அளவுதான் பஃபர். நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துணுக்கு) வேகத்தில் பஃபர் 1024 சாம்பிள் என்றால் அதற்கே 21 மில்லிநொடி. 128 என்றால் 3 மில்லிநொடிக்கும் குறைவு. இதோடு, ஒலிக்கருவியைக் கணினியோடு இணைக்கும் மென்பொருளான டிரைவரின் தாமதமும் சேரும். விண்டோஸின் சாதாரண டிரைவரை விட்டுவிட்டு, உங்கள் ஆடியோ இண்டர்ஃபேஸுக்குரிய (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஏசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவரைப் போடுங்கள். இண்டர்ஃபேஸ் இல்லையென்றால் 'ஏசியோ ஃபோர் ஆல்' இலவசமாகக் கிடைக்கிறது.

வாசிக்கும்போது பஃபர் 128, பதிவுகளைக் கலந்து மிக்சிங் செய்யும்போது 1024. இடையில் ஒலி படபடவென்று வெடித்தால், கணினியால் நேரத்துக்குள் தொகுதியை நிரப்ப முடியவில்லை என்று பொருள். 256க்கு ஏற்றுங்கள், சார்ஜரையும் செருகுங்கள், பேட்டரியில் பல மடிக்கணினிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் தாமதமா? எல்லா ஒலியும் சேரும் மாஸ்டர் டிராக்கில் லிமிட்டர் (ஒலி அளவு மீறாமல் தடுக்கும் கருவி) போட்டிருக்கிறீர்களா பாருங்கள். வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்க்க அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். பதிவு முடியும்வரை அணைத்து வையுங்கள்.

கேள்வி: தைப்பூசத்துக்கு எங்கள் உறுமி மேளக் குழு ஒரு பாடல் செய்கிறது. பதிவில் உறுமி கரகரக்கிறது. பிறகு ஒலியைக் குறைத்தாலும் போகவில்லை. கிளிக் (சீரான வேகத்தில் தட்டும் தாள ஒலி) கேட்டு வாசித்தால் உயிரே இல்லை.
– உறுமிக் குழு இளைஞர்கள், சுங்கை சிப்புட்

பதில்: கரகரப்பு பதிவாகும்போதே உள்ளே போய்விட்டது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கினால் உடைந்த ஒலி சிறிதாகும், ஒட்டாது. குழுவை அவர்களுடைய உச்ச வேகத்தில், உச்ச பலத்தில் அரை நிமிடம் வாசிக்கச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியை உள்ளே ஏற்றும் அளவு) வையுங்கள். ஒத்திகையில் மெதுவாக அடிப்பவர்கள் பதிவில் ஓங்கி அடிப்பார்கள். அந்த இடைவெளி தேவை. 24 பிட்டில் பதிவு செய்தால் இவ்வளவு குறைவாக இருந்தாலும் தரம் கெடாது. கெயினை முழுக்க இறக்கியும் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக்கைத் தள்ளி வையுங்கள், அல்லது நுண்ணொலியும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை எடுத்துவிட்டு, பலத்த ஒலியைத் தாங்கும் டைனமிக் மைக் வையுங்கள். இந்த வாத்தியத்துக்கு அதுவே எங்கள் தேர்வு.

உறுமியின் தேய்க்கும் முகத்துக்கு ஒரு மைக், அடிக்கும் முகத்துக்கு ஒரு மைக், 30 சென்டிமீட்டர் தூரத்தில். ஒரு தோல் உள்ளே போகும்போது மறுதோல் வெளியே தள்ளும் என்பதால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடித்தொனி மெலியும். ஒரு டிராக்கில் ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்திப் பாருங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதையே வையுங்கள். பாட்டுக் குரலுக்குச் செய்வதுபோல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடாதீர்கள், உறுமலின் கனம் அங்கேதான் இருக்கிறது. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வெட்டினால் போதும்.

கிளிக்கை விடுங்கள். உறுமி மேளம் போகப் போக வேகம் பிடிக்கும். அதுதான் அதன் அழகு. முதலில் மேளத்தை முழுசாகப் பதிவு செய்து, ஒவ்வொரு தாளச் சுற்றின் முதல் அடியிலும் டெம்போ குறியை வையுங்கள். மென்பொருளின் தாளக் கட்டங்கள் மேளத்தின் வேகத்தைப் பின்தொடர்ந்து வரும். கீபோர்டையும் பேஸையும் அந்தக் கட்டத்தில் வாசிக்கலாம். அவற்றுக்குக்கூட குவாண்டைஸ் (வாசித்ததைக் கட்டத்தோடு ஒட்ட இழுக்கும் வசதி) 50 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தோட்டத்து லயத்து வீட்டில் பாடிப் பதிவு செய்ய முடியுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும். முன்பக்க ஒலியை மட்டும் நன்றாகப் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்புறம் காது மந்தம். ஆகவே சன்னல் மைக்கின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பாடுபவருக்குப் பின்னால் கனமான போர்வை இரண்டு தொங்கவிடுங்கள். மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். மின்விசிறி, குளிர்பெட்டி இரண்டையும் அணைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டும் ஸ்பாஞ்சு அறை எதிரொலியைத்தான் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தால் பதிவை நிறுத்திவிட்டு மிக்சிங் செய்யுங்கள்.

கண்டென்சர் மைக் நம் ஊர் ஈரத்தில் பொரியும். வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.