இலையில் கிராம்பு, வேரில் கற்பூரம்

(கோத்தகிரிப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் தைலம் காய்ச்சியவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: போன மாதம் குன்னூர் வந்திருந்தபோது சாலையோரக் கடையில் ‘பட்டை இலை எண்ணெய்’ என்று ஒரு சின்ன பாட்டில் வாங்கினேன். வீட்டுக்கு வந்து திறந்தால் அப்படியே கிராம்பு வாசனை. நிறமும் டிகாக்‌ஷன் மாதிரி இருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கிராம்பு வாசனை அடிப்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது அம்மா. பட்டை வாசனை தூக்கலாக அடித்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பட்டை மரம் ஒரு விசித்திரமான மரம். சமையலுக்குப் போடுகிற பட்டையில் இருப்பது சின்னமால்டிஹைடு என்கிற வாசனைப் பொருள். அதே மரத்தின் இலையைக் காய்ச்சினால் வருவதில் முக்கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேலே, யூஜினால் என்கிற வேறொரு வாசனைப் பொருள். கிராம்புக்கு மணம் தருவதும் அதேதான். பட்டை வாசனைப் பொருள் இலையில் ஏதோ பேருக்கு இருக்கும். வேர்ப்பட்டையைக் காய்ச்சினால் கற்பூரம் வருகிறது! ஒரே மரத்தில் மூன்று கடைச் சரக்கு. யூகலிப்டஸை நாங்கள் இங்கே ‘கற்பூர மரம்’ என்கிறோம், அதில் கற்பூரமே கிடையாது என்பது தனி வேடிக்கை.

இது எனக்கும் பட்டுத்தான் தெரிந்தது. தொண்ணூறுகளில் பர்லியார் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், பட்டை உரித்த பிறகு கழித்த இலையை ஒரு வண்டி அனுப்பிவைத்தார். அதுவரை கற்பூர மர இலையையே காய்ச்சிப் பழகிய கை. செம்புக் கொப்பரையில் இலையை அமுக்கி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி, அடியில் முந்தின நாள் காய்ச்சிய சக்கையையே எரித்து, எல்லாம் வழக்கம்போலச் செய்தேன். ஆவி குளிர்ந்து தொட்டிக்குழாய் வழியாகப் பிரிக்கும் பாத்திரத்தில் இறங்கியது. யூகலிப்டஸ் தைலம் தண்ணீரைவிட லேசு, மேலே மிதக்கும், அகப்பையால் வழித்துக்கொள்ளலாம். அன்றைக்கு மேலே பார்த்தால் கண்ணுக்கே தெரியாத ஒரு படலம். கீழே மோர் மாதிரி வெள்ளைத் தண்ணீர். ‘இந்த இலையில் சத்தே இல்லை’ என்று திட்டிக்கொண்டே தண்ணீரை அப்படியே வாய்க்காலில் கொட்டிவிட்டேன். மறுநாள் காலையில் என் மனைவி, “என்ன, ராத்திரியெல்லாம் பிரியாணியா கிண்டினீங்க?” என்று கேட்டாள். கொட்டிய இடம் முழுக்கக் கிராம்பு மணம். பட்டை இலை எண்ணெய் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். நூறு கிலோ இலைக்கு ஏதோ ஒரு கிலோதான் தேறும். அதையும் வாய்க்காலுக்குத் தானம் செய்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் பாட்டிலுக்கு முதல் சோதனை: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு சொட்டு விடுங்கள். ஒன்றிரண்டு சொட்டு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு குச்சியால் லேசாகத் தட்டினால் உருண்டு கீழே இறங்க வேண்டும். எல்லாம் மிதந்தால் டர்பன்டைன் மாதிரி லேசான ஏதோ கலந்திருக்கிறது. அடுத்தது, வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். வடை வைத்த தாள் மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு ஊறி நின்றால் சமையல் எண்ணெய் கலப்படம். லேசான பழுப்புக் கறை நின்றால் பரவாயில்லை.

இவ்வளவும் செய்தாலும் விலை மலிவான கிராம்பு இலை எண்ணெயைக் கலந்திருந்தால் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் மூழ்கும், அதுவும் யூஜினால்தான். பட்டை இலையில் கொஞ்சம் பென்சைல் பென்சோயேட் என்று இன்னொரு பொருள் இருக்கும், அதையெல்லாம் கேஸ் குரோமட்டோகிராபி எந்திரம்தான் பிரித்துச் சொல்லும். ஒரு சின்ன பாட்டிலுக்காக லேபுக்கு அலைய வேண்டாம்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். யூஜினால் காற்றுப் பட்டாலே கறுக்கும். இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சியிருந்தால் இன்னும் மோசம். டிகாக்‌ஷன் நிறம் என்றால் சுமார் ரகம், போலி இல்லை.

கேள்வி: இந்த எண்ணெயைப் பல்வலிக்கும் மூட்டுவலிக்கும் தடவலாமா? – அதே வாசகி

பதில்: யூஜினால் மரத்துப்போக வைக்கும், பல் டாக்டர்களும் துத்தநாக ஆக்சைடோடு சேர்த்துப் பல்லில் வைக்கிறார்கள். ஆனால் அது டாக்டர் கை. நீங்கள் பஞ்சில் நனைத்து அமுக்கினால் ஈறு வெந்துபோகும். மூட்டுக்கு ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரனுக்குச் சளி. நீலகிரித் தைலம் மூக்கில் தடவலாம் என்கிறார் என் மாமியார். – ஒரு வாசகி, தேனி

பதில்: கூடாது. மாமியாரிடம் தைலம் காய்ச்சிய கிழவனே சொன்னான் என்று சொல்லுங்கள். அந்த வயதில் மூக்கருகே தடவினால் மூச்சுத் திணறலாம். கைக்கு எட்டும் இடத்தில் பாட்டிலை வைக்கவும் வேண்டாம். ஒரு ஸ்பூன் அளவு உள்ளே போனாலே வலிப்பு வந்துவிடக்கூடும். எங்கள் கொட்டகையில் பிள்ளைகள் நுழையவே விடமாட்டேன். சளிக்கு டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தைலத்தைத் தெர்மோகோல் கப்பில் ஊற்றினேன். கப் ஓட்டையாகிவிட்டது. இது ஆசிட்டா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆசிட் இல்லை, தெர்மோகோலைக் கரைக்கிற குணம் யூகலிப்டஸ் தைலத்துக்கு உண்டு. பட்டை இலை எண்ணெயும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி, வெயில் படாத அலமாரி. கப் இருந்த மேசையைத் துடைத்துவிட்டீர்களா? வார்னிஷ் போயிருக்கும்.