கஷ்டத்திலும் கடவுளுக்கு நன்றி சொல்வது எப்படி?

வேலை போன நேரத்தில் 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் பண்ணு', அதாவது கடவுளுக்கு நன்றி சொல், என்று சபையில் சொல்கிறார்கள், அது நடிப்பாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

பைபிளில் உள்ள 1 தெசலோனிக்கேயர் கடிதம் 5:18-இல் அப்போஸ்தலர் பவுல் பயன்படுத்தும் சொல்லைக் கவனியுங்கள். 'எல்லாவற்றிலேயும்' என்கிறார். வேலை போனதற்காக நன்றி சொல்லச் சொல்லவில்லை; அந்த நிலையில் இருந்துகொண்டே சொல்லச் சொல்கிறார். அழுகையை அவர் தடுக்கவும் இல்லை. பைபிளின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் பல புலம்பல் போலத்தானே இருக்கின்றன?

லூக்கா 17-இல் பத்து குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வருகிறான், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேரைத் திட்டியே பிரசங்கம் செய்வார்கள். ஆனால் அவர்கள் கீழ்ப்படியாதவர்கள் இல்லை. சுகமானதை உறுதிசெய்யும் ஆசாரியரிடம் (யூத குருவிடம்) போய்க் காட்டுங்கள் என்று சொன்னவரே இயேசுதான், போனார்கள். சமாரியனோ பாதி வழியில் நின்றான், தன்னைப் பார்த்தான், திரும்பினான். நன்றி என்றால் எனக்கு அந்த நிற்பதுதான்.

எங்கள் அம்மா சபையில் நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதாமல் போடமாட்டார். ஒருமுறை எட்டிப் பார்த்தேன்: 'முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் படி ஏறினேன்.' உள்ளே இருபது ரூபாய்.

சரி, உங்களுக்கு? இரவு படுக்குமுன் அன்று நடந்த ஒன்றே ஒன்றை, பெயர் சொல்லி ஜெபத்தில் சொல்லுங்கள். 'சகல நன்மைகளுக்காகவும்' என்று மொத்தமாக முடித்துவிடாதீர்கள். அப்புறம், அந்த நன்மை ஒரு மனிதர் வழியாக வந்திருந்தால், அவருக்கும் ஒரு போன் போடுங்கள்.